கையை எடுக்க முடியவில்லை – பொறுப்பை ஒப்படைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்

அடுப்படி | செவ்வாய், காலை 5.50

இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்றைக்கு யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் போலிருக்கிறது.

காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த பலகாரக் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷம் ஆகிறது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், கல்யாணச் சீருக்கு வெல்லப் பாகில் கலக்கி எடுக்கும் மனகோலம். முகப்பில் விற்பனை, வீட்டின் மூன்றாம் கட்டில் அடுப்பு. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

மாவு பிசைவது, பிழிவது, எண்ணெயில் எடுப்பது எல்லாம் யாராவது பார்த்துக்கொள்வார்கள். பாகு மட்டும் இத்தனை வருஷமும் நான்தான். மனகோலத்துக்கு வெல்லப் பாகு கெட்டிப் பதம். கொஞ்சம் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அரை நிமிஷம் முந்தினால் இரண்டாம் நாளே நமுத்துவிடும். பிந்தினால் கலக்கி முடிப்பதற்குள் கல்லாகிவிடும்.

இப்போது அந்தப் பாகை என்னிடம் ஒன்பது வருஷமாக இருக்கும் பெண் வைக்கிறாள். நல்ல கை. நான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “இறக்கு... இல்லை, இரு... ம், இப்ப” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்று மட்டும் இரண்டு சட்டி போயிற்று. நான் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் ஒரு சட்டிகூடப் போகவில்லை என்று மகள் சொல்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

தீபாவளிக்கு இன்னும் நாற்பது நாள். நம்பாமல் இல்லை. கையை எடுக்கத்தான் முடியவில்லை.

---

செக்காலை ரோடு | செவ்வாய், காலை 6.31

முதலில் நாற்காலியை எடுங்கள் ஆச்சி.

---

பூக்கல் பட்டறை | செவ்வாய், மதியம் 1.15

ஆச்சி, நான் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் (டைல்) போடுகிறவன். எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

கண்ணாடியைத் துடைத்து இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் பூ அச்சை வைப்போம். அச்சில் இருக்கிற சின்னச் சின்ன அறைகளில் கலர் கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அப்புறம் அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தால் சிவப்பு போய் மஞ்சளில் விழுந்துவிடும். உடனே மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு இழுத்து மட்டம் பண்ணி எடுத்து வைத்துவிடுவோம். அந்த நேரத்தில் கல்லின் முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் கண்ணாடி விட்ட பிறகுதான் பூ விழுந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஆக, அச்சைத் தூக்கியவனைத் தவிர வேறு யாரும் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் நின்று கத்தினால் கை நடுங்கும், அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் வாரம் கூடவே நின்றார். இரண்டாம் வாரம் ஐம்பது கண்ணாடியை எண்ணி என் பக்கம் நகர்த்தி வைத்து, “இது ஐம்பதும் உன் கணக்கு. கெட்டாலும் கூலி உண்டு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீக்கடை நாலு எட்டில் இருக்கிறது. மனுஷன் சாயந்தரம்தான் திரும்பி வந்தார். கண்ணாடி விட்டுப் பார்த்தபோது 31 கல் கெட்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த 31 கல்லையும் தன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் தரைக்குப் பதித்துக்கொண்டார். அடுத்த தடவை 12 கெட்டது. அதற்கும் கொட்டிலில் இடம் இருந்தது.

இப்போது என் பட்டறையில் பையன்கள் கற்றுக்கொள்கிறபோது, எத்தனை கெடலாம் என்று முதலிலேயே மனதுக்குள் ஒரு எண் வைத்துக்கொள்வேன். அந்த எண்ணுக்குள் இருக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. நீங்களும் ஒரு எண் வையுங்கள். இத்தனை கிலோ வெல்லம் போனால் போகட்டும் என்று.

---

பட்டது போதும் | செவ்வாய், மதியம் 3.40

எல்லோரும் நல்லவர்களாகவே எழுதுகிறீர்கள். நான் கெட்டவனாக எழுதுகிறேன்.

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருந்தோம். மேனேஜர் என்று ஒருவர், 11 வருஷம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். கையெழுத்துப் போட்ட காசோலைப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சென்னைக்கும் காரைக்குடிக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் நெல் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மீதியை விரிவாக எழுத விருப்பம் இல்லை. ஆலை இப்போது வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

பாகு கெட்டால் வெல்லம் போகும். ஆள் கெட்டால் எல்லாம் போகும். நாற்காலியை எடுக்காதீர்கள் ஆச்சி.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 4.05

பட்டது போதும் அண்ணே, வருத்தமாக இருக்கிறது. ஆள் பெயர், தெரு எதுவும் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி. மற்றவர்களும் அப்படியே எழுதுங்கள்.

---

தேவகோட்டைப் பேரன் | செவ்வாய், இரவு 9.20

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது என்று நினைக்கிறேன். நகரத்தார் கொண்டுவிக்கப் போன கதை, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனது.

என் பாட்டையா மூன்று கணக்கு பர்மா போனவர். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலாளி இங்கே தேவகோட்டையிலோ கண்டனூரிலோ இருப்பார். வட்டிக்கடை ரங்கூனிலோ, உள்ளே ஏதோ ஒரு நெல் ஊரிலோ இருக்கும். கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். அப்புறம் ஒரு சமையல் ஆள். மேலாளை மூன்று வருஷத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர்தான் ஒரு கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவார்கள். லாபத்திலும் பங்கு உண்டு.

கவனிக்க வேண்டியது இதுதான். முதலாளி மேலாளுக்கு முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிடுவார். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது, யாரிடம் டெப்பாசிட் வாங்குவது, யார் மேல் கோர்ட்டுக்குப் போவது, எல்லாம் மேலாள் முடிவு. முதலாளியின் விலாசத்தை (கடைப் பெயரின் முதலெழுத்துகளை) போட்டு அவர் கையெழுத்து வைத்தால் அது முதலாளியையே கட்டும். நடுவில் கடல். கப்பல் தபாலில் கடிதம் போய் பதில் வருவதற்குள் கடன் கேட்டு வந்தவன் வேறு கடைக்குப் போயிருப்பான். நாற்காலி போட்டு உட்கார வழியே கிடையாது.

ஆனால் கணக்கு வந்தாக வேண்டும். அன்றன்றைக்குக் குறிப்பு, அதிலிருந்து பேரேடு, அதிலிருந்து வரவு செலவு, இருப்பு எல்லாம் காட்டும் ஐந்தொகை. கணக்கு முடிந்து ஊருக்கு வரும்போது அடுத்த மேலாளிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய அந்தக் காலத்துக் கடிதங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். முதலாளி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி ஊர்ச் செய்தி. யார் வீட்டில் அறுபதாம் கல்யாணச் சாந்தி, எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம், மழை உண்டா. தொழில் பற்றி இரண்டு மூன்று வரி. இன்னாருக்குக் கொடு, கொடுக்காதே என்று ஒரு கடிதத்திலும் இல்லை. ஐந்தொகை பத்து நாள் தாமதமானதற்கு மட்டும் ஒரு கடிதத்தில் வறுத்து எடுத்திருக்கிறார்.

அரிசி ஆலை அண்ணே, தப்பாக நினைக்க வேண்டாம். காசோலைப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள், சரி. ஐந்தொகை எப்போது கேட்டீர்கள்?

---

செக்காலை ரோடு | செவ்வாய், இரவு 9.48

அந்தக் கேள்வி கொஞ்சம் சுடும் தம்பி.

---

பெயர் வேண்டாம் | புதன், அதிகாலை 4.55

எல்லாம் படித்தேன். எல்லோரும் கொடுக்கிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் வாங்குகிறவள் பக்கம். 14 வருஷமாகக் கல்யாணச் சமையலில் இருக்கிறேன்.

நம்பிக்கை என்றால் எங்களுக்கு எப்படித் தெரியுமென்று சொல்கிறேன். “உன்னை நம்பித்தான் விட்டிருக்கேன்” என்பார்கள். ஆனால் முந்திரி டப்பா சாவி இடுப்பில் இருக்கும். ஐநூறு பேருக்குச் சாம்பார் வைப்பேன். உப்புப் பார்க்கிற கரண்டி மட்டும் அவர்கள் கையில். நன்றாக வந்தால் “எங்க கைப்பக்குவம்” என்பார்கள். உப்புக் கூடினால் நான் போட்டது.

ஆச்சி, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் இப்போது உங்கள் வேலையைச் செய்கிறாள். கூலி உங்கள் வேலைக்கா, அவள் பழைய வேலைக்கா?

தேவகோட்டைத் தம்பிக்கும் ஒன்று. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆனான், அடுத்தாள் மேலாள் ஆனார், மேலாள் தனியாகக் கடை வைத்து முதலாளியும் ஆனார். கடைசியில் ஒரு சமையல் ஆள் என்று எழுதினீர்களே, அவர் எந்தக் கணக்கில் என்ன ஆனார்?

---

தேவகோட்டைப் பேரன் | புதன், காலை 8.10

அக்கா, அந்தப் பெட்டியில் சமையல் ஆளைப் பற்றி இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று காய்ச்சல், இன்னொன்று வேஷ்டி வாங்கிக் கொடுத்த செலவு. பெயர்கூட இல்லை. நீங்கள் கேட்கும் வரை அது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று எழுதியதில் விட்டுப்போனதையும் எழுதிவிடுகிறேன். அந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதித்தது இல்லை. மேலாள் குடும்பத்தை விட்டுத்தான் போவார். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே, நாலு தெரு தள்ளி முதலாளி வீடு. நகரத்தார் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயிலில் ஒன்றில் அவர் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் சேர்ந்த குடும்பம். அங்கே கை நீட்டினால் இங்கே பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். எழுதாத பிணை அது. தெரிந்த வட்டத்துக்குள்தான் நம்பினார்கள்.

வட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதும் தெரிந்த கதை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியாமல் பர்மா விவசாயி இழந்த நிலம் அது. இவர்கள் விரும்பி வாங்கவில்லை, வேறு எதுவும் வசூலிக்க வழி இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். நிலத்தை இழந்தவன் வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் இல்லையா? 1942-இல் ஜப்பான்காரன் வந்து, அப்புறம் பர்மா சுதந்திரம் அடைந்து நிலங்களை அரசுடைமை ஆக்கி, எல்லாம் போனது. பாட்டையா கொண்டுவந்தது அந்தப் பெட்டியும் இரண்டு தேக்கு நாற்காலியும்.

அதனால் மேலாள் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு ஐந்தொகைக்கு நடுவில் எட்டிப் பார்க்காமல் இருந்தார்களே, அதை மட்டும்.

---

கல்லல் வாத்தியார் | புதன், காலை 10.30

ஓய்வு பெற்ற ஆசிரியன், நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கையை எடுத்தவர் என்றால் எனக்கு அழகப்பச் செட்டியார்தான் ஞாபகம் வருவார். காரைக்குடியில் இந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கொடுத்தது மத்திய அரசுக்கு. யார் இயக்குநர், என்ன ஆராய்ச்சி என்பதெல்லாம் அவர்கள் பாடு. இவர் கோட்டையூர்க்காரர், மின்வேதியியல் படித்தவரும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரில்கூட இவர் பெயர் இல்லை. சிக்ரி என்றுதான் ஊரே சொல்கிறது.

---

செக்காலை ரோடு | புதன், காலை 10.52

ஐயா, அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, பஸ் ஸ்டாப்கூட இருக்கிறது. ஒன்றில் பெயர் இல்லாததை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். 🙂

நான் சிக்ரியில்தான் ஆராய்ச்சி மாணவன். எங்கள் வழிகாட்டி வாரம் ஒருநாள் மட்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பார்ப்பார். மற்ற நாட்களில் ஆய்வகத்துக்குள் வந்தால்கூட எங்கள் மேசைப் பக்கம் திரும்ப மாட்டார். முதல் வருஷம் அது அலட்சியம் என்று நினைத்தேன். பக்கத்து அறையில் இருப்பவர் தினமும் மூன்று தடவை வந்து மானியில் என்ன காட்டுகிறது என்று கேட்பார். அந்த அறைப் பையன்கள் அவர் வரும் நேரத்துக்கு மானியில் நல்ல எண் தெரியும்படி பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். வேறு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

---

கானாடுகாத்தான் மருமகள் | புதன், மதியம் 2.25

வேறு வைப்பது பற்றி யாரும் எழுதவில்லையே! அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமான எட்டாவது மாதம் வேறு வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தையே பயமாக இருக்கும். குடும்பம் உடைந்து தனிக்குடித்தனம் போவது இல்லை இது. வீடு ஒன்றுதான், வளவு (நடு முற்றம்) ஒன்றுதான். வளவைச் சுற்றி ஆளுக்கு ஒரு அறை. அடுப்பு மட்டும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, செலவுக்கு இவ்வளவு பணம் என்று ஒரு தொகை. அதற்குள் உன் குடும்பத்தை நீ நடத்து. என் மாமியார் காலத்தில் அதே வளவில் ஆறு அடுப்பு எரிந்ததாம்.

எனக்கு 22 வயது. முதல் நாள் சாம்பாரை அடிப்பிடிக்க விட்டேன். செட்டிநாட்டு வீட்டில் ஒன்று தீய்ந்தால் முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட வாசனை போகும். ஒருவரும் வரவில்லை. எதிர்த் தாழ்வாரத்தில் என் மாமியார் ஓலைக் கொட்டான் (கூடை) முடைந்துகொண்டிருந்தார்கள். தலையைத் தூக்கவில்லை. நான் அறைக்குள் போய் அழுதேன். பாசம் இல்லாத வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று எங்க ஆத்தாவுக்குப் போன் போட்டும் அழுதேன்.

மறுநாள் காலையில் அவர்கள் என் அடுப்படி வாசல் வரை வந்து, நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, “கொஞ்சம் புளி இருக்குமா? எங்களுதில் தீர்ந்துபோச்சு” என்று கேட்டார்கள். அவர்கள் அடுப்படியில் இரண்டு வருஷத்துக்குப் புளி இருந்தது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

புளியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வைத்த சாம்பார் தீயவில்லை.

எல்லாம் இப்படியே இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வருஷத் தொகையில் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆடி மாதம் கையைப் பிசைந்திருக்கிறேன். கேட்டால் கடனாகக் கொடுப்பார்கள், எழுதி வைப்பார்கள். என் மகனுக்குக் கல்யாணம் ஆனபோது மருமகளிடம் வேறு வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். “ஏற்கெனவே வேறாகத்தானே அயித்தை இருக்கோம்” என்று சிரித்தாள்.

---

பட்டது போதும் | புதன், இரவு 11.10

தேவகோட்டைத் தம்பி கேட்ட கேள்வியோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். கோபம்தான் முதலில் வந்தது.

ஐந்தொகை கேட்கவில்லை. கேட்டால் அவர் மனது நோகும் என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. உட்கார்ந்து கணக்குப் பார்க்க எனக்குச் சலிப்பு. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ அவரே ஒரு தடவை நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, “ஒருதரம் பாத்துருங்கண்ணே” என்றார். “நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைப்பு. அன்றைக்குப் பார்த்திருந்தால் ஒருவேளை அந்த மனுஷனும் தப்பித்திருப்பார்.

அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. செய்தது துரோகம்தான்.

ஆச்சி, நாற்காலியை எடுக்காதீர்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எடுங்கள். ஆனால் சனிக்கிழமை நோட்டைக் கேளுங்கள்.

---

பூக்கல் பட்டறை | வியாழன், காலை 6.20

அண்ணே, இதை எழுத நெஞ்சு வேண்டும்.

---

அடுப்படி | வியாழன், மாலை 6.45

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இடது கையால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் கேட்டதுக்கு முதலில் பதில். கூலி பழைய கூலிதான். யோசிக்கவே இல்லை. இன்று காலை அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம். அவள் கேட்டதைவிட நான் சொன்னது கொஞ்சம் குறைவு, அப்புறம் அவள் கேட்டதே சரியென்று ஒத்துக்கொண்டேன்.

பூக்கல் பட்டறை சொன்னபடி எண் வைத்தாயிற்று. தீபாவளி வரைக்கும் 15 கிலோ வெல்லம். அதற்குள் எது போனாலும் நான் வாய் திறப்பதில்லை. நாளைக்குப் பிள்ளையார்பட்டி போகிறேன். காலையில் போய்ச் சாயந்தரம் வருவேன். கோயில் வேலை ஒரு மணி நேரம்தான். மீதி நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

கானாடுகாத்தான் மருமகள் | வியாழன், இரவு 7.02

எங்கள் வீட்டுக்கு வாருங்கள் ஆச்சி. புளி தருகிறேன்.

---

அடுப்படி | திங்கள், இரவு 8.30

நான்கு நாள் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டியில் மண்டபத்தில் உட்கார்ந்து 11 மணிக்குள் மூன்று தடவை போனை எடுத்தேன், மூன்று தடவையும் உள்ளே வைத்தேன். நாலாவது தடவை எடுத்தபோது அவளே கூப்பிட்டாள். “ஆச்சி, நாலு கிலோ போச்சு. கலக்கும்போது கடைப்பக்கம் யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பிட்டேன்.” எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று. “சரி” என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை போலிருக்கிறது, “ஆச்சி, கேக்குதா?” என்றாள். “கேக்குது, சரின்னுதான் சொன்னேன்” என்றேன். அதற்கப்புறம் கடைப்பக்கம் போகும் கதவைச் சாத்திவிட்டுத்தான் அன்றைக்குப் பாகு வைத்திருக்கிறாள். 22 வருஷத்தில் அந்தக் கதவைச் சாத்த எனக்குத் தோன்றியதே இல்லை. நானும் எத்தனை சட்டி அப்படி விட்டிருப்பேன்! அதெல்லாம் யார் கணக்கு?

சனிக்கிழமை நோட்டைக் கேட்டேன். கொடுத்தாள். வரவு, செலவு, கையிருப்பு எல்லாம் இருந்தது. கீழே தனியாகக் கோடு போட்டு, ‘கெட்டது 4 கிலோ’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையெழுத்து மாதிரி, உருண்டை உருண்டையாக.

இப்போது சொல்லப்போவதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு இல்லை. முறத்தில் பொட்டுக்கடலை பொறுக்கிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் இருக்கும்போது மட்டும் ஏன் அந்தச் சட்டிகள் போயின என்று கேட்டேன். திட்டுவதற்காக இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான். ரொம்ப நேரம் கடலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

“நீங்க பேசிக்கிட்டே இருந்தா எனக்கு ‘டங்’ சத்தம் கேக்க மாட்டேங்குது ஆச்சி.”

---

செக்காலை ரோடு | திங்கள், இரவு 8.34

ஐயோ ஆச்சி 😂

---

பெயர் வேண்டாம் | செவ்வாய், அதிகாலை 4.40

அந்தப் பிள்ளை அதை வாய்விட்டுச் சொன்னாள் பாருங்கள். என் 14 வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முந்திரி டப்பா சாவி யாரிடம் இருக்கிறது?

---

அடுப்படி | செவ்வாய், காலை 6.00

ஏலக்காய், முந்திரி, நெய் மூன்றும் அவளிடம். பணப்பெட்டிச் சாவி என்னிடம். அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

---

பெயர் வேண்டாம் | செவ்வாய், காலை 6.12

அது போதும். பெட்டிச் சாவியைக் கேட்கவில்லை.

---

கல்லல் வாத்தியார் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.15

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். ஆச்சி, கட்டுப் பிரித்தாயிற்றா? தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு கிலோ மனகோலம், ஒரு கிலோ சீப்புச் சீடை கிடைக்குமா?

---

அடுப்படி | ஞாயிறு, மதியம் 12.40

கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது ஐயா. கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. 15 கிலோவில் போனது 9. நாற்காலியை அடுப்படிக்கு உள்ளே இழுத்து, அதன் மேல் எண்ணெய் டின் வைத்திருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு முகப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆர்டர் நோட்டு இப்போது என்னிடம் இல்லை. கடை போனுக்குக் கூப்பிடுங்கள், அவள் எடுப்பாள். மனகோலத்துக்கு இனிமேல் ஆர்டர் எடுக்க முடியுமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லிப் பாருங்கள், பிரயோஜனம் இருக்காது என்று நினைக்கிறேன்.